கவுண்டியின் ஒரு மூலை சிவந்தால் போதும்

கேள்வி இதுதான். ஒமாஹாவில் வேலை பார்க்கும் மைத்துனர், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) மேய்ச்சல் நிலம் வாங்கி, மாடு வளர்ப்பவர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட நினைக்கிறார். "வறட்சி வந்தாலும் பயமில்லை, அரசாங்கம் பணம் கொடுத்துவிடும்" என்று நிலத் தரகர் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தபோது அந்தக் கவுண்டியின் பண்ணைகளுக்குப் போன பேரிடர் உதவிப் பட்டியல் கிடைத்திருக்கிறது. பெயர் பெயராக, தொகை தொகையாக. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர்ப்புறத்துக்கு ஏன் இவ்வளவு பணம், திரும்பத் திரும்ப அதே பெயர்கள் ஏன், இதில் ஊழல் உண்டா, தரகர் சொன்னது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊழல் இல்லை, பெரும்பாலும் எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. சட்டமே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தரகர் சொன்னது பாதி உண்மை. அவர் சொல்லாமல் விட்ட பாதிதான் உங்கள் மைத்துனருக்கு வேண்டியது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். செர்ரி கவுண்டியின் பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பகுதி சாண்ட்ஹில்ஸ் எனப்படும், புல் போர்த்திய மணல் குன்றுகள். ஏர் பிடித்தால் மணல் பறக்கும் என்பதால் அங்கே பயிர் குறைவு, மாடு அதிகம். இறைச்சி மாடுகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவின் முன்னணிக் கவுண்டிகளில் ஒன்று. மழை பொய்த்தால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் வைக்கோல் வாங்க வேண்டும், அல்லது மாட்டை விற்க வேண்டும். ஆகவே அங்கே பேரிடர்ப் பணம் என்றால் பெரும்பாலும் வறட்சிப் பணம்தான்.

இப்போது ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "இந்தக் கவுண்டி பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டது" என்று செய்தி வந்தவுடன் பண்ணைக்காரர்களுக்குப் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேளாண் துறைச் செயலாளர் ஒரு கவுண்டியை அப்படி அறிவித்தால், அதற்கும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கவுண்டிகளுக்கும் முக்கியமாகத் திறப்பது அவசரக் கடன். உச்சவரம்பு 5,00,000 டாலர், விண்ணப்பிக்க எட்டு மாதம் அவகாசம். அது கடன், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது. நீங்கள் பார்த்த பட்டியலில் இருப்பது வேறு. திருப்பித் தர வேண்டாத பணம். அதற்கு அந்த அறிவிப்பு பெரும்பாலும் தேவையே இல்லை.

செர்ரி போன்ற மாட்டுக் கவுண்டியில் அந்தப் பணத்தின் பெரும்பங்கு கால்நடைத் தீவனப் பேரிடர்த் திட்டம் வழியாக வருகிறது. எல்.எஃப்.பி. என்பார்கள். (அமெரிக்க வேளாண் துறைக்கு மூன்றெழுத்துச் சுருக்கங்கள்மேல் தீராத ஆசை.) 2008 பண்ணைச் சட்டத்தில் பிறந்து, நடுவில் காலாவதியாகி, 2014 சட்டத்தில் நிரந்தரமானது. இதற்குப் படியளக்கிற அளவுகோல், வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும் வறட்சி வரைபடம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய வறட்சித் தணிப்பு மையமும், வேளாண் துறையும், வானிலைத் துறையைத் தன்னுள் வைத்திருக்கும் நோவாவும் சேர்ந்து 1999 முதல் இதைத் தயாரிக்கின்றன. டி2 கடும் வறட்சி, ஆரஞ்சு நிறம். டி3 மிகக் கடும் வறட்சி, சிவப்பு. டி4 அதற்கும் மேல், அடர் சிவப்பு.

கணக்கு இப்படிப் போகும். மேய்ச்சல் பருவத்தில் கவுண்டி எட்டு வாரம் தொடர்ந்து டி2 ஆக இருந்தால் ஒரு மாதத் தொகை (இது 2025 வரை). ஒரே ஒரு வாரம் டி3 ஆனால்கூட மூன்று மாதத் தொகை. டி3 நான்கு வாரம் இருந்தாலோ, ஒரு வாரம் டி4 தொட்டாலோ நான்கு மாதம். டி4 நான்கு வாரம் நின்றால் ஐந்து மாதம். "மாதத் தொகை" என்பது மாட்டுக்கு ஆகும் தீவனச் செலவில் 60 சதவீதம்; மாட்டு எண்ணிக்கையை வைத்து ஒரு கணக்கு, நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதை வைத்து ஒரு கணக்கு, இரண்டில் எது குறைவோ அது. 2025இல் வந்த பெரிய வரிச் சட்டம் இதை இன்னும் தளர்த்தியது: இப்போது டி2 தொடர்ந்து நான்கு வாரம் இருந்தாலே ஒரு மாதத் தொகை, எட்டு வாரத்தில் ஏழு வாரம் இருந்தால் இரண்டு.

கவனித்துப் பார்த்தால், இந்தக் கணக்கில் எங்கேயும் "உங்கள் நிலத்தில் புல் காய்ந்ததா?" என்ற கேள்வி வரவே இல்லை. யாரும் வந்து வேலிக்குள் நடந்து பார்ப்பதில்லை. இன்னொன்று, சட்டத்தின் வாசகம் "கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி" என்பதுதான். 15,500 சதுர கிலோமீட்டர் கவுண்டியின் தென்மேற்கு மூலையில் ஒரு துண்டு சிவந்துவிட்டால், வடகிழக்கில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும் பண்ணைக்கும் மூன்று மாதத் தொகை உண்டு. அதே சமயம், கோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கவுண்டியில், நிஜமாகவே கருகிய நிலத்தை வைத்திருப்பவர், அவருடைய கவுண்டி முழுக்க டி1இல், அதாவது மிதமான வறட்சியில், நின்றால், ஒன்றும் வாங்க முடியாது. கவுண்டி பெரிதாக இருக்கும்போது ஏதாவது ஒரு மூலை சிவக்கும் வாய்ப்பும் பெரிது. செர்ரி கவுண்டிப் பெயர்கள் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதற்கு, நிலம் இயல்பிலேயே வறண்டது என்பது ஒரு காரணம் என்றால், கோடுகள் இப்படி வரையப்பட்டிருப்பது இன்னொரு காரணம்.

வரைபடம் வரைபவர்கள்மேல் இதனால் வரும் அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. முறைவைத்து ஒருவர் ஒவ்வொரு வாரமும் எழுதுகிறார். மழையளவு, மண் ஈரம், ஆற்று நீர், செயற்கைக்கோள் படம், களத்திலிருந்து வரும் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கோடு போடுகிறார். களத் தகவலை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். "எங்கள் கவுண்டியில் நிலைமை வரைபடத்தில் இருப்பதைவிட மோசம்" என்று எழுதுபவருக்கு நிலைமை உண்மையிலேயே மோசமாகவும் இருக்கலாம், ஒரு கட்டம் ஏறினால் தனக்கு வரப்போகும் தொகை தெரிந்தவராகவும் இருக்கலாம். அறிவியல் கருவியாகப் பிறந்த ஒரு வரைபடத்தைச் சட்டம் காசோலை எழுதும் இயந்திரமாக மாற்றிவிட்டது. வரைபவர்கள் குற்றம் அல்ல அது.

சரி, அப்படியானால் ஏன் இந்த ஏற்பாடு? நேரில் போய் அளந்து கொடுத்தால் என்ன? அதைப் புரிந்துகொள்ள அளந்து கொடுக்கும் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். செர்ரிக்கு வடக்கே, பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் 2013 அக்டோபர் முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அட்லஸ் என்று பெயர் வைக்கப்பட்ட பனிப்புயல் அது. அக்டோபர் 3இல் மழையாகத் தொடங்கியது. மாடுகள் தொப்பலாக நனைந்தன. அப்புறம் கனத்த ஈரப்பனி, கூடவே புயல்காற்று. ரேபிட் சிட்டியில் ஏறக்குறைய இரண்டடி பனி, மலைப்பகுதியில் அதற்கு மேல். அக்டோபர் ஆரம்பம் என்பதால் மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் முளைக்கவில்லை. மறைவில்லாத கோடைக்கால மேய்ச்சல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தன. காற்று தள்ளிய பக்கமெல்லாம் நடந்தன. பனி குவிந்து மூடிய வேலிகளைத் தாண்டி, ஓடைகளிலும் குட்டைகளிலும் பள்ளங்களிலும் விழுந்து செத்தன. ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில். சொந்த வேலியிலிருந்து பல மைல் தள்ளிக் கிடந்த பிணங்களை, சூட்டுக்குறியையும் காது அட்டையையும் பார்த்துத்தான் இது யார் மாடு என்று கண்டுபிடித்தார்கள்.

கால்நடை செத்தால் பணம் தர ஒரு திட்டம் இருந்தது: கால்நடை இழப்பீட்டுத் திட்டம், எல்.ஐ.பி. சந்தை விலையில் 75 சதவீதம் தரும். ஆனால் அது 2011 செப்டம்பர் இறுதியிலேயே காலாவதியாகிவிட்டது. புதிய பண்ணைச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, செலவுக்கான நிதி ஒப்புதல் கிடைக்காமல் அக்டோபர் 1 முதல் அமெரிக்க அரசே முடங்கியிருந்தது. கவுண்டி வேளாண் சேவை அலுவலகத்துக்கு போன் செய்தால் எடுக்க ஆளில்லை. உள்ளூர் அதிகாரிகளும் விரிவாக்கப் பணியாளர்களும் சொன்ன ஒரே அறிவுரை: புகைப்படம் எடுங்கள், சாட்சி வைத்து எண்ணுங்கள், எழுதி வையுங்கள், என்றாவது சட்டம் வரலாம். சட்டம் 2014 பிப்ரவரி 7இல் கையெழுத்தானது, 2011 அக்டோபர் வரை பின்னோக்கிச் செல்லும்படி. மனு வாங்கத் தொடங்கியது ஏப்ரல் 15இல். அதுவரை ஆறு மாதம் அக்கம்பக்கத்தார் கொடுத்த பசுங்கன்றுகளிலும் நன்கொடையிலும் வங்கிக்காரரின் பொறுமையிலும் ஓடியது.

மனு போடும்போதும் லேசில்லை. எத்தனை மாடு இருந்தது, எத்தனை செத்தது, இயல்பாகச் சாகும் எண்ணிக்கை போக மீதி எவ்வளவு, எந்தப் புயலால், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். வங்கிக் கடன் ஆவணத்தில் உள்ள மாட்டுக் கணக்கு, மருத்துவர் சான்று, பிணம் ஏற்றிய லாரியின் ரசீது. ஒழுங்காகக் கணக்கு எழுதுபவர் பிழைத்துக்கொண்டார். பழைய காலத்து மனிதர், எல்லாம் மனக்கணக்காக வைத்திருந்தவர், அதே எண்ணிக்கை மாட்டை இழந்தும் குறைவாகத்தான் நிரூபிக்க முடியும்.

ஆக, நேரில் அளந்தால் தாமதம், காகிதம், வழக்கு. வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்தால் வேகம், ஆனால் குறி தப்பும். அமெரிக்கக் காங்கிரஸ் வறட்சிக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. என் கருத்தில் அது முழுத் தவறில்லை. மெல்ல மெல்ல வரும் வறட்சியில் "இந்தத் தேதியில் இவ்வளவு புல் போனது" என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தவறு, "ஏதேனும் ஒரு பகுதி" என்ற அந்த வாசகத்தில் இருக்கிறது. பரப்பில் பாதியோ கால்பங்கோ என்று வைத்திருக்கலாம். வைக்க மனமில்லை, ஏனென்றால் அப்படி வைத்தால் வாக்குக் குறையும் தொகுதிகள் நிறைய.

இதைவிட மோசமான காலமும் இருந்தது. 2002, 2003இல் கால்நடை நஷ்டஈட்டுத் திட்டம் ஒன்று ஓடியது, மொத்தம் சுமார் 120 கோடி டாலர். நஷ்டம் காட்ட வேண்டியதே இல்லை. கவுண்டிக்கு ஏதாவது ஒரு பேரிடர் அறிவிப்பு இருந்தால் போதும், மாட்டுக்கு இவ்வளவு என்று பணம். 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்குப் பார்த்தபோது, அதில் பாதிக்கும் மேல் வறட்சி மிதமாக இருந்த அல்லது இல்லவே இல்லாத பகுதிகளுக்குப் போயிருந்தது தெரிந்தது. டெக்சாஸில் 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்ததற்கான பேரிடர் அறிவிப்புகூட மாட்டுக்காரர்களுக்குத் தகுதி வாங்கித் தந்தது. அதோடு ஒப்பிட்டால், இன்றைய வரைபடக் கணக்கு எவ்வளவோ மேல்.

இனி உங்கள் பட்டியலை எப்படிப் படிப்பது என்று. அதில் இருக்கும் ஆண்டு, பணம் பட்டுவாடா ஆன ஆண்டு. பேரிடர் நடந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. 2012 வறட்சி சாண்ட்ஹில்ஸை வறுத்தெடுத்தது. அந்த ஆண்டு முடியும்போது நெப்ராஸ்காவின் முக்கால்வாசி அடர் சிவப்பு. ஆனால் திட்டம் காலாவதியாக இருந்ததால் அதற்கான பணம் 2014இல்தான் வந்தது. ஆகவே 2014க்கு எதிரே பெரிய தொகை நின்றால், அந்த ஆண்டு மழை பெய்ததே என்று திகைக்க வேண்டாம். பயிர் விவசாயிகளுக்கும் இதே கதை. காங்கிரஸ் அவ்வப்போது தனிச் சட்டம் போட்டு மொத்தமாக ஒதுக்கும்: 2020, 2021 நஷ்டங்களுக்கு 2021 செப்டம்பரில் 1,000 கோடி டாலர் ஒதுக்கி 2022இல் கொடுக்கத் தொடங்கினார்கள், 2023, 2024 நஷ்டங்களுக்கு 2024 டிசம்பரில் 2,000 கோடிக்கும் மேல் ஒதுக்கி, 2025 ஜூலையில் மனு வாங்கினார்கள். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. அதற்கு மேல் இதுவும். 1980இல் காப்பீட்டை விரிவாக்கியபோது, இனி இப்படித் தனித்தனியாக நிவாரணம் கொடுக்கத் தேவையிருக்காது என்றுதான் சொன்னார்கள்.

அதே பெயர்கள், அதே குடும்பப் பெயர்கள் வருவதைப் பற்றி. எல்.எஃப்.பி.யில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. கணக்கு விளங்க, ஒரு மாட்டுக்கு மாதத் தொகை 50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மாடு, ஐந்து மாதம், வரம்பு முடிந்தது. ஆயிரம் மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? பண்ணை பொதுக் கூட்டாண்மையாகப் பதிவாகியிருந்தால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு. அண்ணன், தம்பி, அப்பா என்று மூன்று வரி பட்டியலில் வரும். எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்றால், 2025 சட்டத்துக்கு முன்பு அது முழுவதும் ஒரே நபராகக் கணக்கு. இதெல்லாம் மறைக்கிற வேலை இல்லை. வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிப்படையாகச் செய்து தருவது. எல்.ஐ.பி.க்கு இருந்த வரம்பை 2018இல் எடுத்தே விட்டார்கள்.

மனுக்களைத் தீர்மானிப்பது யார் என்றும் கேட்டிருந்தீர்கள். கவுண்டி அலுவலகத்துக்கு மேலே ஒரு கவுண்டிக் குழு உண்டு. உறுப்பினர்கள் அந்த ஊர் விவசாயிகள், அந்த ஊர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். அலுவலக நிர்வாகியை நியமிப்பதும் இந்தக் குழுதான். மண்ணைத் தெரிந்தவர்கள் முடிவெடுக்கட்டும் என்ற 1930களின் யோசனை இது. செர்ரியில் எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள் என்பதால் இல்லாத மாட்டைக் கணக்கில் காட்டுவது கஷ்டம். அதே ஏற்பாடு தென் மாநிலங்களில் என்ன செய்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது: வெள்ளையர் மட்டுமே இருந்த குழுக்கள், கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்களையும் பேரிடர் மனுக்களையும் பல பத்தாண்டுகள் தட்டிக்கழித்தன. அந்த விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் ஏற்பட்ட சமரசத்தில் அரசு சுமார் 100 கோடி டாலர் கொடுத்தது. 2010இல் இன்னொரு 125 கோடிக்கு ஒப்புக்கொண்டது. மனு தள்ளுபடியானால் இன்று தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். எல்.எஃப்.பி. பணம் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு வராது. மாட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் தன் கையில் வைத்திருப்பவருக்கு வரும். நிலம் சொந்தமாகவும் இருக்கலாம், பணக் குத்தகையாகவும் இருக்கலாம். ரொக்கக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒமாஹாவில் இருப்பவருக்கு ஒரு டாலர்கூட இல்லை. வாங்கப்போவது அவருடைய குத்தகைக்காரர். மாடு எத்தனை கிலோ கூடுகிறதோ அதற்கு ஏற்ப வாடகை என்ற ஒப்பந்தம் போட்டால், அதை வைத்து எவரும் வாங்க முடியாது. தரகர் சொன்ன வாக்கியத்தில் இல்லாத பாதி இதுதான். "அரசாங்கம் கொடுக்கும்" என்பது சரி, "உங்களுக்கு" என்பது இல்லை.

சொந்தமாக மாடு வாங்கி விடுவதாக இருந்தால் கதை வேறு. அப்போது பார்க்க வேண்டியது குடியுரிமை. குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் சிக்கலில்லை; எச்-1பி விசாவில் இருப்பவரை இந்தத் திட்டங்கள் வெளிநாட்டவராகவே பார்க்கும். வெளிநாட்டவர் நிலம் வைத்திருப்பதை வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டமும் உண்டு, நெப்ராஸ்காவின் சொந்தக் கட்டுப்பாடுகளும் உண்டு. அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள், தரகரை அல்ல. வாங்கும் பணம் வருமான வரிக் கணக்கில் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆண்டு முடிந்ததும் 1099-ஜி படிவம் வீட்டுக்கு வரும். இன்னொன்று, வறட்சிக்கு முன்கூட்டியே பாதி மாட்டை விற்று நிலத்தைக் காப்பாற்றியவருக்கு அந்த மாடுகளுக்கான தொகை 80 சதவீதமாகக் குறையும். புத்திசாலித்தனமாக நடந்தவருக்கு இருபது சதவீதம் அபராதம் மாதிரிதான் எனக்குப் படுகிறது.

மேய்ச்சல் நிலத்துக்கென்று மழைக் குறியீட்டுக் காப்பீடு ஒன்று இருக்கிறது. அதில் கவுண்டிக் கோடே கிடையாது. நாட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த இரண்டு மாதங்களில் அந்தக் கட்டத்தில் மழை, சராசரியில் காப்பீடு எடுத்தவர் தேர்ந்தெடுத்த சதவீதத்துக்கும் கீழே போனால் பணம். பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டும். எல்.எஃப்.பி. வாங்குபவர் இதையும் வாங்கலாம். குத்தகைக்காரர் இதை எடுத்திருக்கிறாரா என்று கேட்டால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது பாதி தெரிந்துவிடும்.

நில உரிமையாளருக்கு வறட்சியின் உண்மையான அபாயம் வேறெங்கோ இருக்கிறது. அந்தப் பக்கத்து மேய்ச்சல் குத்தகைகளில், புல் தீர்ந்தால் மாட்டை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடலாம், மீதி மாதங்களுக்கு வாடகை குறையும் என்ற ஷரத்து பரவலாக உண்டு. இருப்பது நல்லதும்கூட, இல்லாவிட்டால் குத்தகைக்காரர் கட்டிய பணத்துக்காகப் புல்லை வேர்வரை மேயவிடுவார், மணல் வெளியே வந்துவிடும். ஆனால் அந்த ஷரத்து இயங்கும் ஆண்டில், குத்தகைக்காரருக்கு வரைபடம் பணம் கொடுக்கும். உங்கள் மைத்துனருக்கு வாடகை குறையும். நிலத்தின் விலையைப் பேசுவதற்கு முன், இப்போது அங்கே நடப்பில் இருக்கும் குத்தகை ஒப்பந்தத்தின் நகலைத் தரகரிடம் கேட்டு வாங்கி, எந்தத் தேதியில், யார் சொல்லி, மாட்டை எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.